சிறிய கலப்பின நாய் வாங்கும் முன்: ஒரு முழுமையான வழிகாட்டி

காக்கபூ, மால்டிபூ, கவாபூ, பகிள், சிவீனி, மார்க்கி. படிக்கும்போது மிட்டாய்க் கடைப் பலகை மாதிரி இருக்கிறது. இவை எதுவும் இனத்தின் பெயர் அல்ல. இரண்டு இனங்களின் பெயர்களைப் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டியவை. பெயரை அப்படி ஒட்டிவிடலாம், நாயை ஒட்ட முடியாது. மால்டீஸின் கொஞ்சலும் பூடிலின் அறிவும் சேர்ந்தது மால்டிபூ என்று விற்பவர் சொல்வார். மால்டீஸின் கண்ணீர்க் கறையும் பூடிலின் பதற்றமும் சேர்ந்து பிறந்தால் அதற்கும் பெயர் மால்டிபூதான்.

அதனால் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டு பக்கத்திலும் உங்களுக்குப் பிடிக்காத குணங்கள் மட்டும் ஒரே குட்டியில் சேர்ந்து வந்தால், அதை வைத்துக் காப்பாற்றுவீர்களா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடுவதற்குத்தான் கீழே உள்ள படிகள். வரிசையாகச் செய்யுங்கள். குட்டியை நேரில் பார்த்துவிட்டால் யாருக்கும் புத்தி வேலை செய்வதில்லை. எனக்கும் செய்ததில்லை.

படி 1: எந்த வகைக் கலப்பு என்று கேளுங்கள்

கலப்பினம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு நாய்கள் இருக்கின்றன.

முதலாவது, தெரிந்தே இரண்டு தூய இன நாய்களைச் சேர்த்துப் பிறந்த குட்டி. இதை எஃப்1 என்பார்கள், அதாவது முதல் தலைமுறை. பூடில் கலப்பு என்றால், அந்த எஃப்1 நாயை மறுபடி ஒரு பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி. அதில் முக்கால் பங்கு பூடில். இரண்டு எஃப்1 நாய்கள் சேர்ந்தால் எஃப்2. விளம்பர ஜோடனை போலத் தெரிந்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. எஃப்1 குட்டிகள் ஓரளவு ஒன்றுபோல இருக்கும். எஃப்2 ஈற்றில், அதாவது ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளில், ஒன்று சுருள்முடி, ஒன்று நேர்முடி, ஒன்று அப்படியே பாட்டியை உரித்து வைத்தது போல, என்று சிதறும்.

இரண்டாவது, தாய் யாரென்று தெரியும், தகப்பன் வேலி தாண்டி வந்தவன் என்ற வகை. மூன்றாவது, காப்பகத்தில் இருக்கும் பூர்வீகம் தெரியாத நாய். அதன் அட்டையில் 'டெரியர் கலப்பு' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் எழுதியவரின் ஊகம். தோற்றத்தை வைத்துச் சொன்ன இனத்தையும் மரபணுச் சோதனையில் வந்த இனத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் பல நேரம் பொருந்தவே இல்லை.

ஆனால் இந்த மூன்றாவது வகையில் ஒரு பெரிய வசதி உண்டு. வளர்ந்த நாயாக இருந்தால் உயரம், முடி, குரல், குணம் எல்லாமே கண்ணெதிரில் நிற்கும்; ஊகிக்க அதிகம் இல்லை. முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு வயது தாண்டிய நாய் என்றுதான். யாரும் கேட்பதில்லை, குட்டிதான் வேண்டும் என்பார்கள். சரி, குட்டியைப் பற்றியே பேசுவோம்.

படி 2: இரண்டு பக்கத்தின் தொல்லைகளையும் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் தாயின் இனம், மறுபக்கம் தகப்பனின் இனம். நல்லதை எழுத வேண்டாம், அதை விளம்பரமே சொல்லிவிடும். எதற்காக அந்த இனத்தை வளர்த்தார்கள், அதனால் வீட்டில் என்ன தொல்லை, உடம்பில் என்ன பலவீனம் என்று மட்டும் எழுதுங்கள்.

பகிளை எடுத்துக்கொள்வோம், பக்கும் பீகிளும் சேர்ந்தது. பீகிள் கூட்டமாக முயல் துரத்துவதற்காக வளர்க்கப்பட்ட நாய். வாசனை கிடைத்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. தனியாக விட்டால் தெருவே கேட்கும்படி ஊளையிடும். பக்குக்கு முகம் தட்டை, வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு இரைக்கும். இரண்டிலும் மோசமானது சேர்ந்தால் ஓடத் துடிக்கும் மனசும் ஓட விடாத மூச்சும் ஒரே உடம்பில் இருக்கும். சிவீனியில் சிவாவாவின் ஒருவரையே ஒட்டிக்கொள்ளும் குணமும் டாக்ஸ்ஹண்டின் பிடிவாதமும் முதுகுத் தொல்லையும் சேரலாம். ஜாக் ரஸ்ஸல் கலப்பு என்றால் உடம்புதான் சிறியது, சுறுசுறுப்புக்கு அந்த அளவு பொருந்தாது.

இந்தத் தாள் ஜாதகம் அல்ல. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டுச் செய்த ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது. ஆகவே உடம்பு சார்ந்த விஷயங்களுக்கு உங்கள் தாளை நம்பலாம். குணத்துக்கு அந்தக் குட்டியின் தாயையும், கிடைத்தால் தகப்பனையும் நேரில் பார்ப்பதே மேல்.

படி 3: சின்னதாகவே இருக்குமா?

இருக்கலாம். தாய் 4 கிலோ, தகப்பன் 12 கிலோ என்றால் குட்டிகள் எல்லாம் 8 கிலோவில் வந்து நிற்கும் என்று எந்த விதியும் இல்லை. ஒன்று 6-இலும் ஒன்று 11-இலும் நிற்கலாம். வாடகை வீட்டில் எடை வரம்பு இருந்தால், அல்லது நாயைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும் என்றால், பெரிய எண்ணை வைத்தே திட்டம் போடுங்கள். சிறிய நாய்கள் ஏறக்குறைய 8 முதல் 12 மாதத்துக்குள் முழு வளர்ச்சி அடைந்துவிடும். அதுவரை பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். பாதத்தின் அளவைப் பார்த்துச் சொல்லும் ஜோசியம் பலிப்பதும் உண்டு, பொய்ப்பதும் உண்டு.

'டீகப்' என்ற சொல்லைக் கேட்டால் விலகிவிடுங்கள். அது இனமும் அல்ல, அங்கீகரிக்கப்பட்ட அளவும் அல்ல. சராசரியைவிடச் சிறியதாகப் பிறந்த குட்டிக்குக் கூடுதல் விலை போடும் உத்தி. மிகச் சிறிய குட்டிகளுக்கு இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். ஒரு வேளை உணவு தவறினாலே தள்ளாடும், சோர்ந்து விழும், சில நேரம் வலிப்பும் வரும். ஈறில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டிய அவசரம் அது. வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு முறை உணவு கொடுக்க யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள்.

படி 4: முடி கொட்டாது, ஒவ்வாமை வராது என்பதை நம்பாதீர்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி அல்ல. எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதங்கள்தான். அவற்றில் முக்கியமானது கேன் எஃப் 1. 2012-இல் நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வில், ஒவ்வாமை தராது என்று சொல்லப்படும் இனங்களின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது; அந்த வீடுகளின் காற்றிலும் குறைவாக இல்லை. முடி கொட்டாத நாயால் தரை சுத்தமாக இருக்கும். மூக்கு அடைக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பூடில் கலப்பு மோகம் தொடங்கிய கதையே இதற்குச் சாட்சி. 1989-இல் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் அமைப்பு ஒன்றில் வேலை செய்த வாலி கான்ரான் என்பவரிடம், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு நாய் வேண்டும், அவருடைய கணவருக்கு நாய் ஒவ்வாமை உண்டு என்ற கோரிக்கை வந்தது. லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் அனுப்பிச் சோதித்ததில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. முதல் ஈற்றிலேயே மூன்றில் ஒன்றுதான்! இந்தக் கலப்பை உலகத்துக்குக் காட்டியதற்காக வருந்துவதாக அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால், அவரை அந்த நாயோடு, அடைத்த அறையில், பல முறை உட்கார வையுங்கள். ஒரே முறை போதாது. முகத்தை நக்கவிட்டும் பாருங்கள். ஒவ்வாமை மருத்துவரிடம் எந்தப் புரதம் என்று சோதிக்கக் கேளுங்கள். சிலருக்குக் கேன் எஃப் 5 என்ற ஒன்று மட்டுமே ஒத்துக்கொள்ளாது. அது ஆண் நாயின் சுக்கிலச் சுரப்பியில் உண்டாவது என்பதால், அப்படிப்பட்டவர்கள் பெண் நாயோடு நிம்மதியாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து முடி. 2009-இல் வந்த ஓர் ஆய்வின்படி, பெரும்பாலான இன நாய்களின் முடி அமைப்பை மூன்றே மரபணுக்கள் விளக்கிவிடுகின்றன: நீளத்துக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று, மீசை தாடிக்கு ஒன்று. மீசைக்கான மரபணு ஓங்குபண்பு, அதாவது ஒரு பிரதி இருந்தாலே மீசை வந்துவிடும். மீசையுள்ள நாய்களுக்குப் பொதுவாக முடி கொட்டுவது குறைவு. கவாலியர் ஸ்பானியலுக்கு மீசை இல்லை, பூடிலுக்கு உண்டு. அதனால் முதல் தலைமுறைக் கவாபூவுக்கு மீசை வரும். இரண்டு கவாபூக்களைச் சேர்த்தாலோ, கணக்குப்படி நான்கில் ஒன்று மீசையில்லாமல், முடி கொட்டும் நாயாகப் பிறக்கும். ஆறேழு வாரத்தில் முகத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். மூக்கின் மேல் வழவழப்பாக இருந்தால் துடைப்பத்தைத் தயார் செய்யுங்கள்.

கொட்டாத முடி எங்கே போகும்? உள்ளேயே சிக்கிச் சடையாகும். குட்டி முடி மாறி வளர்ந்த முடி வரும் மாதங்களில், ஏறக்குறைய ஆறு முதல் பன்னிரண்டாம் மாதம் வரை, இது உச்சத்தில் இருக்கும். மேலே தூரிகை ஓடுவதால் சீவியாயிற்று என்று நினைப்போம்; தோலோடு ஒட்டி, காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். உலோகச் சீப்பு தோல் வரை இறங்க வேண்டும். வாரத்தில் பல நாள் சீவுதல், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டு, இதுதான் சுருள்முடி நாயின் அட்டவணை. அதற்கு நேரம் இல்லையென்றால் குட்டையான நேர்முடிக் கலப்பே உங்களுக்கு ஏற்றது. கொட்டுவதைப் பெருக்கிவிடலாம், சடையைப் பெருக்க முடியாது.

படி 5: கலப்பினம் என்றால் நோய் வராது என்ற பேச்சை உடைத்துப் பாருங்கள்

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது நிலைத்து நிற்கிறது. ஒடுங்குபண்பு நோய் வர, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் வேண்டும். இரண்டு இனங்களிலும் பழுது வேறு வேறாக இருந்தால் கலப்புக் குட்டி தப்பிக்கும்.

ஆனால் ஒரே பழுது இரண்டு இனத்திலும் இருந்தால்? விழித்திரையை மெல்ல அழித்துக் குருடாக்கும் ஒரு பரம்பரை நோயின் மரபணு பூடிலிலும் உண்டு, காக்கர் ஸ்பானியலிலும் உண்டு. பெற்றோர் இருவரும் அதைச் சுமந்தால் காக்கபூ குட்டிகளில் நான்கில் ஒன்றுக்கு நோய் வர வாய்ப்பு. கலப்பு அங்கே எந்தக் கேடயமும் அல்ல. டாக்ஸ்ஹண்டின் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு விலகும் நோயோடு தொடர்புள்ள மரபணுவோ ஒரே பிரதியிலேயே வேலையைக் காட்டும். சிறிய இனங்கள் பலவற்றுக்கும் பொதுவான தொல்லை ஒன்று இருக்கிறது: முழங்கால் சில்லு விலகுவது. ஓடிக்கொண்டே இருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு அடி நொண்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடும். இரண்டு பக்கமும் சிறிய இனம் என்றால் இந்த ஆபத்தும் இரண்டு பக்கமிருந்தும் வரும்.

பிரிட்டனின் ராயல் வெட்டினரி காலேஜ் 2024-இல் வெளியிட்ட ஆய்வு காக்கபூ, கவாபூ, லாப்ரடூடுல் (லாப்ரடார்-பூடில் கலப்பு) மூன்றையும் அவற்றின் மூல இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. ஏறக்குறைய 87 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை. மீதியில் சிலவற்றில் கலப்பினத்துக்கு நோய் அதிகம், சிலவற்றில் குறைவு. அதே ஆண்டு பிரிட்டனின் 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் ஆயுளைக் கணக்கிட்ட இன்னொரு ஆய்வில் தூய இனங்களுக்கு 12.7 ஆண்டு, கலப்பினங்களுக்கு 12.0 ஆண்டு என்று வந்தது. கலப்பினம் என்ற அந்தக் குவியலில் எல்லா வகையும் அடக்கம் என்பதால் கலப்பு கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆயுள் கூடும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம், அவ்வளவுதான்.

ஆகவே விற்பவரிடம் குட்டியின் சான்றிதழைவிடப் பெற்றோரின் சோதனை முடிவுகளைக் கேளுங்கள். சிறிய இனம் எதுவானாலும் முழங்கால் சோதனை. பூடிலோ காக்கரோ என்றால் கண்ணுக்கான மரபணுச் சோதனை. கவாலியர் என்றால் இதயச் சோதனை கட்டாயம், அந்த இனத்தில் இதய வால்வு நோய் அவ்வளவு பரவலானது. பக், ஷிஹ் சூ போன்ற தட்டை முகம் என்றால் தாயை நாலு நிமிடம் நடக்க வைத்து மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். ஷெல்டி, சிறிய ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் கலப்புகளில் எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது உள்ள நாய்க்குச் சில மருந்துகள், அதிக அளவு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து உட்பட, விஷமாகும். திட்டுத் திட்டாகச் சாம்பல் கலந்த மெர்ல் நிறம் தாய் தகப்பன் இருவருக்கும் இருந்தால் அந்த ஈற்றையே விட்டுவிடுங்கள். இரண்டு பிரதி மெர்ல் வாங்கிய குட்டிக்குச் செவிடும் குருடும் வரும் அபாயம் அதிகம்.

"கலப்பினத்துக்கு எதற்குச் சோதனை?" என்று விற்பவர் சிரித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, எழுந்து வந்துவிடலாம்.

படி 6: உங்கள் வீட்டையும் சோதியுங்கள்

சிறிய நாய்க்குச் சின்ன வீடு போதும் என்பது சரிதான். சின்ன நேரம் போதாது. சிறிய நாய்கள் பல மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வளர்க்கப்பட்ட பரம்பரையில் வந்தவை. காலையில் பூட்டிவிட்டு இரவில் திறக்கும் வீட்டில் அவை கதவைப் பிறாண்டும், குரைத்துத் தீர்க்கும். பகலில் நடுவே யார் வந்து வெளியே கூட்டிப்போவார்கள் என்று பெயரோடு எழுதி வையுங்கள். 'யாராவது' என்று எழுதக் கூடாது.

மிகச் சிறிய நாய்க்கு முன்னங்கால் எலும்பு குச்சி போல இருக்கும். சோபாவிலிருந்து குதித்தே முறித்துக்கொள்வது உண்டு. குழந்தை கையிலிருந்து நழுவவிட்டாலும் அதே கதை. நடை தடுமாறும் முதியவர் இருந்தால் எதிர்ப்பக்கம் யோசியுங்கள். காலடியில் சுற்றும் 3 கிலோ நாய் அவரைக் கீழே தள்ளிவிடும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு 7, 8 கிலோ வரும் கொஞ்சம் கட்டுமஸ்தான கலப்பைத்தான் நான் சொல்வேன்.

படி 7: செலவைக் கூட்டுங்கள்

வாங்கும் விலை ஒருமுறைதான். ஆண்டுதோறும் வருவது: உணவு, தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, முடிவெட்டு, ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச் செல்லும் இடம். கூடவே பல். சின்னத் தாடையில் பெரிய நாய்க்கு உள்ள அதே 42 பற்களும் நெருக்கியடித்து முளைப்பதால் சிறிய நாய்களுக்குப் பல் நோய் சீக்கிரம் வரும். மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்வது எங்கேயும் மலிவானது அல்ல. இந்தக் கணக்கு 12 முதல் 15 ஆண்டுகளுக்கு.

படி 8: எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது

குட்டிகளைத் தாயோடு, அவை பிறந்த இடத்திலேயே பாருங்கள். "பாதி வழியில் கொண்டுவந்து தருகிறேன்", "தாய் வெளியூரில் இருக்கிறது", "இன்றே முன்பணம் போடாவிட்டால் போய்விடும்", எப்போதும் நாலைந்து வகைக் குட்டிகள் கைவசம்: இவற்றில் ஒன்று போதும், திரும்பிவிடுங்கள். இரக்கப்பட்டு நோஞ்சான் குட்டியை மீட்டு வந்தால், காலியான அந்த இடத்துக்கு அடுத்த ஈற்றைப் போடத்தான் உங்கள் பணம் போகிறது. சொல்வது எளிது, செய்வது கஷ்டம், தெரியும்.

எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைப் பிரிக்கக் கூடாது. மிகச் சிறியவை பத்து, பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருந்தால் நல்லது. கண், மூக்கு, பின்புறம் சுத்தமாக இருக்கிறதா, விலா எலும்பு துருத்தாமல் இருக்கிறதா, வயிறு மட்டும் உப்பியிருக்கிறதா (உப்பியிருந்தால் புழுவாக இருக்கலாம்) என்று பாருங்கள். ஒரு சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டு, பிறகு மோந்து பார்க்க வரும் குட்டி நல்ல தேர்வு. மூலைக்குள் ஒண்டி வெளியே வராததை, அதைப் பழக்கும் அனுபவம் உள்ளவர் எடுக்கட்டும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை இரண்டு: போட்ட தடுப்பூசிகளின் பதிவு, மருத்துவர் குறை கண்டுபிடித்தால் குட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதற்கான ஒப்பந்தம். வாங்கிய மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 9: முதல் இரண்டு மாதம்

உலகம் பயப்பட வேண்டிய இடம் அல்ல என்று குட்டி கற்றுக்கொள்ளும் காலம் மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காம் வாரத்தோடு பெருமளவு முடிந்துவிடுகிறது. தடுப்பூசித் தொடரோ ஆறெட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை ஓடும். முடியும்வரை வெளியே விடாதே என்பது ஒரு பக்கம், அதற்குள் எல்லாவற்றையும் காட்டு என்பது இன்னொரு பக்கம். சிறிய நாய் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சலுகை: தூக்கிக்கொண்டு போகலாம். தரையில் விடாமல் கையில் வைத்தே வாகனச் சத்தம், குடை, தொப்பி, குழந்தைகள், முதியவர்கள் எல்லாவற்றையும் தினம் பத்து நிமிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குள் வந்ததும் தூக்கியே வைத்திருக்காதீர்கள். பெரிய நாய் உறுமினால் பயிற்சியாளரைக் கூப்பிடுகிறோம். கையகல நாய் உறுமினால் படம் எடுத்துச் சிரிக்கிறோம். மேலே தாவாதே, விடு, வா என்பதெல்லாம் அதற்கும் அதே வயதில் சொல்லித்தர வேண்டிய பாடம்தான். வாரைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள். யார்க்‌ஷயர், பொமரேனியன் வழி வந்தவற்றுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு. வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் அதன் அடையாளம்.

சிறுநீர்ப்பையும் சிறியது என்பதால் வெளியே போகும் பழக்கம் வர நேரமாகும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே. இரவில் ஒருமுறை. அப்புறம் எடை: 5 கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடினால் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது, அந்த முழங்கால் சில்லுதான் அதைச் சுமக்க வேண்டும். மேசையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த மிட்டாய் ஆகியவை எந்த நாய்க்கும் ஆபத்து. பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் அளவு சிறிய நாயைச் சாய்த்துவிடும். அந்தப் பட்டியலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, கீழே அவசர மருத்துவரின் எண்ணையும் எழுதி வையுங்கள்.